முன்பாரமும் பின்பாரமும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக் கடைத்தெருவில் இறங்கி, அரைமணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். செங்கல் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் போகும். ஒரகடம் தொழிற்பேட்டையை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் போகும். புத்தம் புதிய கார்களை இரண்டு தட்டுகளாக அடுக்கிக்கொண்டு நீண்ட வண்டிகள் எதிரே வரும். இவை எல்லாவற்றிலும் முன்னால் இழுப்பது ஒன்று, பின்னால் இழுபடுவது ஒன்று. முன்னால் உள்ள இயந்திரத்தைப் பார்க்கிறோம். பின்னால் உள்ள சுமையைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு சாண் இரும்பை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஒரு சாண் இரும்பின் பக்கம் என் கவனத்தைத் திருப்பியவர் படப்பையில் வசிக்கும் நண்பர் ஒருவர். அவரிடம் பழைய டாடா எஸ்டேட் கார் ஒன்று உண்டு. 1992-ல் வெளிவந்த வகை அது. பின்பக்கம் பெட்டி போல நீண்டு, குடும்பமும் சாமானும் ஒன்றாகப் போவதற்கென்று அமைந்த வண்டி. தம் சிறு நிலத்துக்கு உரமூட்டையும் தண்ணீர் மோட்டாரும் கொண்டுசெல்ல அதன் பின்னால் ஒரு சிறு டிரெய்லரைப் பூட்ட அவர் விரும்பினார். "பம்பரிலேயே ஒரு கொக்கியைப் பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். நீ பௌதிகம் படித்தவனாயிற்றே, கொக்கியை எங்கே வைப்பது என்று சொல்" என்று கேட்டார். ஒரு வாரம் தவணை கேட்டேன். கேள்வி எளிது. ஆனால் இதற்குத் தவறான விடை எழுதியவர்கள் பலர் உயிரோடு விலை கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் மாட்டுவண்டிக்குப் போவோம். இரட்டை மாட்டு வண்டியில் இரண்டே சக்கரங்கள்தாம். வண்டியின் நடுவிலிருந்து முன்னோக்கி நீளும் மரம் ஏர்க்கால். அதன் நுனியில் குறுக்கே கட்டப்படுவது நுகத்தடி. நுகத்தடி மாடுகளின் கழுத்தின்மேல் அமர்கிறது. கழுத்துக்குக் கீழே சுற்றி வருகிறது பூட்டாங்கயிறு. இப்போது வண்டியை ஒரு நெம்புகோலாக எண்ணிக்கொள்ளுங்கள். அச்சுதான் அதன் ஆதாரப்புள்ளி. சுமையை அச்சுக்கு முன்னால் ஏற்றினால் ஏர்க்கால் கீழே அழுந்தும். மாட்டின் கழுத்து நோகும். இது முன்பாரம். சுமையை அச்சுக்குப் பின்னால் ஏற்றினால் ஏர்க்கால் மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இது பின்பாரம். பாரவண்டியில் ஏறிப் போனவர்களுக்கு நினைவிருக்கும்: ஆட்கள் பின்னால் குவிந்துவிட்டால், வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பாராமல், "பின்பாரமா இருக்கு, கொஞ்சம் முன்னால நகர்ந்து உக்காருங்க" என்பார். மாட்டின் கழுத்து எழும்புவதைக் கொண்டே அவர் அதைக் கண்டுகொள்வார்.

சுமையைச் சரியாக அச்சின்மேல் நிறுத்திவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அதையும் வண்டிக்காரர் செய்யமாட்டார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஏர்க்கால் மேலும் கீழும் துள்ளும். ஆகவே நுகத்தடி கழுத்தைவிட்டு எழாத அளவுக்குச் சிறிது முன்பாரம் வைப்பார். இந்தச் "சிறிது" எவ்வளவு என்பதுதான், பின்னர் மோட்டார் வண்டி வந்தபோது பொறியியலாளர்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்த அளவு.

ரயில் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன் சக்கரங்களின்மேல் தானே நிற்கிறது. இணைப்புக்கு இழுப்பது மட்டுமே வேலை. ஆனால் அங்கே வேறொரு கொடுமை இருந்தது. அமெரிக்காவில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் நின்று, மோதும் நொடியில் வளையத்துக்குள் ஊசியைச் செருக வேண்டும். விரல் போனவர்கள், கை போனவர்கள், உயிரே போனவர்கள் ஏராளம். ஈலை ஜேனி என்பவர், இரண்டு கைகளின் விரல்கள் வளைந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்வது போலத் தானாகவே பூட்டிக்கொள்ளும் இணைப்பை அமைத்து 1873-ல் காப்புரிமை பெற்றார். அதன்பின்னும் ரயில் கம்பெனிகள் செலவை எண்ணித் தயங்கின. தானியங்கி இணைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 1893-ல்தான் வந்தது. கண்டுபிடிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபது ஆண்டுகள்!

சாலைக்குத் திரும்புவோம். 1914-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். ஃபிரடெரிக் சிப்லி என்ற மரவியாபாரிக்குத் தம் படகைக் கோடைகால ஏரிக்கரைக்குக் கொண்டுபோக ஆசை. அவரிடம் இருந்தது ஃபோர்டு மாடல் டி கார். ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்ற கொல்லரிடம் போய், "இதன் பின்னால் படகை இழுக்க ஏதாவது செய்து கொடும்" என்றார். கொல்லர் இரண்டு சக்கரங்கள் வைத்த ஒரு சட்டம் செய்தார். அதன் முன்பகுதிக்குச் சக்கரம் கிடையாது. அது காரின்மேல் வந்து அமர்ந்தது. படகு பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது. சிப்லிக்கு மகிழ்ச்சி, இதே முறையில் மரம் ஏற்றவும் வண்டிகள் வேண்டும் என்றார். பாதிச் சுமையைத் தான் சுமந்து, மீதியை முன்வண்டியின் தோளில் வைப்பதால் இதற்குச் 'செமி டிரெய்லர்', அதாவது அரை டிரெய்லர், என்று பெயர் வந்தது. படப்பை வழியாகப் போகும் கன்டெய்னர் வண்டிகள் எல்லாம் அந்தப் படகு வண்டியின் கொள்ளுப்பேரர்களே.

அவற்றில் ஒன்று நிற்கும்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன்வண்டியின் முதுகில் மசகு பூசிய ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியிலிருந்து இறங்கும் ஒரு தடித்த ஊசி அதன் பிளவில் சென்று பூட்டிக்கொள்ளும். இத்தனை டன் கன்டெய்னரை இழுக்கும் அந்த ஊசியின் குறுக்களவு பெரும்பாலும் 50.8 மில்லிமீட்டர், இரண்டே அங்குலம். ஊசியைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது தட்டு இருக்கும் இடம். அது பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதனால் டிரெய்லரின் முன்பாரம் முன்வண்டியின் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் கீழே அழுத்துகிறது. ஸ்டியரிங் சக்கரங்களின் பிடி குறைவதில்லை.

காருக்கும் டிராக்டருக்கும் இந்த வசதி இல்லை. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால்தான் இருந்தாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதிலாக வந்த இயந்திரம், அவ்வளவுதான். மாட்டை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் டிராக்டரைச் சங்கிலியால் பூட்டினார்கள். கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கிக்கொண்டால் மாடு நின்றுவிடும். டிராக்டர் நிற்பதில்லை. பின்சக்கரம் உருள முடியாதபோது, அதைச் சுழற்றும் திருப்புத்திறன் எதிர்வினையாக டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. குதிரை முன்னங்கால்களைத் தூக்குவது போல முன்பக்கம் எழுந்து, ஓட்டுநரின்மேல் மல்லாந்து விழுகிறது. முன்சக்கரம் எழுவதற்கும் மீளமுடியாத நிலைக்கும் நடுவே இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. கிளச்சை மிதிக்க மூளை நினைப்பதற்குள் கதை முடிந்துவிடும். 1917-ல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் மலிவானது, இலேசானது, பல்லாயிரக்கணக்கில் விற்றது. இப்படி மல்லாந்து ஆட்களைக் கொன்றதற்கும் அது பெயர் பெற்றது.

இதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் போதும். டிராக்டரின் எடை 1800 கிலோ என்று கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் இருக்கட்டும். பின்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன்களை எழுதுங்கள். முன்பக்கத்தைக் கீழே வைத்திருப்பது 1800 × 0.6 = 1080. அதைத் தூக்கப் பார்ப்பது, இழுவிசையைக் கொக்கியின் உயரத்தால் பெருக்கி வருவது. கொக்கி தரையிலிருந்து 0.4 மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்சக்கரம் எழுவதற்கு 1080 ÷ 0.4 = 2700 கிலோ எடை அளவு இழுவிசை வேண்டும். ஆனால் சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தால், டிராக்டர் தரக்கூடிய மிகப் பெரிய இழுவிசையே 1440 கிலோதான். ஆகவே முன்பக்கம் எழுவதற்கு முன்பே பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். சேறு தெறிக்கும், ஆள் பிழைப்பார்.

அதே சங்கிலியை 1 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். இப்போது 1080 கிலோ இழுவிசையிலேயே முன்சக்கரம் எழுந்துவிடும். சக்கரம் வழுக்குவதற்கோ 1440 வேண்டும். வழுக்கும்முன் டிராக்டர் கவிழ்ந்துவிடும்! இன்னொன்றையும் கவனியுங்கள்: இரண்டு பக்கமும் எடை இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. ஈர்ப்பு மையத்தின் தூரத்தைக் கொக்கியின் உயரத்தால் வகுத்து வரும் எண், உராய்வுக் கெழுவைவிடப் பெரிதா சிறிதா என்பதே கேள்வி. "என் டிராக்டர் கனமானது, கவிழாது" என்று சொல்பவருக்கு இந்தச் சமன்பாட்டில் இடமில்லை.

இது ஏட்டுக் கணக்கு அன்று. மழைக்காலத்தில் படப்பைப் பக்கத்து மண்சாலை ஒன்றில் சேற்றில் அச்சுவரை இறங்கிய லாரியை டிராக்டர் ஒன்று இழுப்பதைப் பார்த்தேன். சங்கிலியை இருக்கைக்குப் பின்னால், மேல் இணைப்பு மாட்டும் துளையில் கட்டியிருந்தார்கள். குனிந்து கட்ட வேண்டியதில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை. கிளச்சை விட்டதும் முன்சக்கரங்கள் முழ உயரம் எழுந்தன. நல்லவேளையாக எஞ்சின் திணறி நின்றுவிட்டது. கூடியிருந்தவர்கள் டிராக்டரின் பலத்தைக் கண்டு விசிலடித்தார்கள். ஓட்டிய இளைஞரும் சிரித்தார். சங்கிலியைக் கீழே மாற்றிக் கட்டும்படி நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார் என்றாலும், ஏன் என்று அவருக்கு அப்போது புரிந்திருக்கும் என்று தோன்றவில்லை.

அயர்லாந்தில் ஒருவருக்கு இது புரிந்தது. ஹாரி ஃபெர்குசன் 1884-ல் பிறந்த விவசாயி மகன். பெல்ஃபாஸ்ட் நகரில் கார் பழுது பார்த்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தாமே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர் என்ற பெயரையும் பெற்றவர். முதல் உலகப் போரின்போது உணவுப் பஞ்சம் அச்சுறுத்தவே, 1917-ல் அயர்லாந்து விவசாயத் துறை நாட்டிலுள்ள டிராக்டர்களின் திறனைக் கூட்டும் பணியை இவரிடம் ஒப்படைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்த ஃபெர்குசனின் கண்ணில் பட்டது எஞ்சின் அல்ல, கொக்கி. டிராக்டரும் கலப்பையும் இரண்டு தனி வண்டிகளாக இருப்பதுதான் நோய் என்று அவர் முடிவு செய்தார்.

அவருடைய முதல் கலப்பை, ஃபோர்டு மாடல் டி காரை டிராக்டராக மாற்றிய 'ஈராஸ்' என்ற வண்டிக்காகச் செய்யப்பட்டது. குடும்பக் காரின் பின்னால் கொக்கி போடுவதில் தொடங்கியவர் அவர் என்று நண்பரிடம் சொன்னபோது அவருக்குப் பெரு மகிழ்ச்சி. அதன்பின் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்து, 1926-ல் முக்கியமான காப்புரிமையைப் பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகின் பெரும்பாலான டிராக்டர்களில் காணும் மூன்று முனை இணைப்பு. கீழே இரண்டு கரங்கள் கலப்பையை இழுக்கின்றன. மேலே ஒரு கரம். மண் கலப்பையின் கொழுவைப் பின்னோக்கித் தள்ளும்போது கலப்பையின் தலை முன்னோக்கிச் சாயப் பார்க்கிறது. அந்த மேல் கரம் டிராக்டரின் உடலை முன்னோக்கித் தள்ளுகிறது. உயரத்தில் முன்னோக்கித் தள்ளினால் முன்சக்கரம் தரையில் அழுந்தும். ஓட்டுநரைக் கொல்ல வந்த விசையே அவரைக் காக்கும் விசையாகிவிடுகிறது! கலப்பை கெட்டியான மண்ணில் சிக்கினால், மேல் கரத்தின் அழுத்தம் கூடுவதை உணர்ந்து எண்ணெய் அழுத்தக் கருவி கலப்பையைச் சிறிது தூக்கியும் கொடுக்கும்.

மேல் கரத்தையும் கீழ்க் கரங்களையும் முன்னோக்கி நீட்டிக் கோடு வரைந்தால், அவை டிராக்டரின் முன் அச்சை ஒட்டி ஒரு புள்ளியில் சந்திக்கும். கலப்பை அந்தப் புள்ளியிலிருந்து இழுக்கப்படுவது போலவே நடந்துகொள்ளும். நாட்டுக் கலப்பையின் ஏர்க்கால் மாட்டின் கழுத்துவரை நீள்கிறதல்லவா? ஃபெர்குசனின் கலப்பைக்கும் ஓர் ஏர்க்கால் உண்டு. டிராக்டரின் வயிற்றுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், முன்சக்கரம்வரை அது நீள்கிறது.

இனி நடந்தது வியாபாரமும் வழக்கும். 1938-ல் ஃபெர்குசன் ஹென்றி ஃபோர்டுக்குத் தம் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் இருவரும் கைகுலுக்கியே கூட்டுச் சேர்ந்தார்கள். 1939 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் செய்யப்பட்டன. 1947-ல் ஃபோர்டின் பேரன் கூட்டை முறித்தார். இணைப்பை மட்டும் விடவில்லை. வழக்கு 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. இதற்கிடையே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1946 முதல் ஃபெர்குசனுக்கு டிராக்டர் செய்யத் தொடங்கியது. டி.இ.20 என்ற அந்தச் சாம்பல் நிறக் குட்டி டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவம் சேர்ந்தது இவற்றில் ஏறித்தான்.

ஸ்டாண்டர்டு என்ற பெயர் தாம்பரம் வட்டாரத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கேஸல் கார்கள் எல்லாம் அந்தக் கம்பெனியின் பிள்ளைகள். 1988-ல் கார் உற்பத்தி நின்றது. அதே கம்பெனி தொடக்க காலத்தில் சென்னையில் பூட்டி விற்ற வேன்கார்டு காரின் எஞ்சினும், கவென்ட்ரியில் செய்த ஃபெர்குசன் டிராக்டரின் எஞ்சினும் ஒரே குடும்பம். ஒன்று கனவான்களைச் சுமந்தது. மற்றொன்று கலப்பையை இழுத்தது. பின்னர் 1960-ல் சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கேயே உருவாக்கியது. அயர்லாந்துக்காரரின் மூன்று கரங்கள் நம் வயல்களில் இறங்கின.

ஆனால் மூன்று முனை இணைப்பு காப்பது கலப்பை பூட்டிய டிராக்டரைத்தான். டிரெய்லரையோ சங்கிலியையோ இழுக்கும்போது பழைய கணக்கே செல்லும். அளவுக்குமேல் கரும்பு ஏற்றிய இரு சக்கர டிரெய்லர், மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்களைத் தூக்கிவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்பாரம் பின் அச்சுக்கும் பின்னால் அழுத்துவதால் வரும் வினை அது.

நண்பரின் காருக்கு வருவோம். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரு அச்சுகளுக்கும் நடுவே 2.4 மீட்டர் என்று கொள்வோம். கொக்கியில் 30 கிலோ முன்பாரம் வைத்தால், முன்சக்கரங்கள் 15 கிலோவை இழக்கும். பின்சக்கரங்கள் 45 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கும். இது தாளக்கூடியதே. முன்பாரத்தை 150 கிலோ ஆக்கினால் ஸ்டியரிங் இலேசாகி, வளைவில் கார் நாம் சொன்னபடி கேட்காது. சரி, முன்பாரமே வேண்டாம் என்று சுமையைப் பின்னால் தள்ளினால் அதைவிடக் கேடு. டிரெய்லர் பாம்பு போல இடமும் வலமும் நெளியத் தொடங்கும். சுமை அச்சுக்கு முன்னால் சற்று இருக்கும்வரை, காற்றோ பள்ளமோ தரும் ஆட்டம் ஊஞ்சல் அடங்குவது போல அடங்கிவிடும். சுமை பின்னால் போகப்போக அந்த அடக்கம் குறையும். வேகம் கூடக்கூட மேலும் குறையும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, இறுதியில் டிரெய்லர் காரையே புரட்டிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். வேகமாகப் போய் நேராக்க முயல்வதும், பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் கூடாது.

காரால் வீட்டு டிரெய்லர்களை இழுக்கும் வழக்கம் மிகுந்த பிரிட்டனில், மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரம் வைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம். இணைப்புக்கு ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகு உருண்டை. நம் இடுப்பெலும்பின் பந்துக்கிண்ண மூட்டைப் போல அது எல்லாப் பக்கமும் திரும்பும். சுமையேற்றிய நிலையில் உருண்டையின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மேலே போட்ட டிராக்டர் கணக்கில் கொக்கியைத் தாழ வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

பம்பர் யோசனையை முதலிலேயே தள்ளினோம். பம்பர் என்பது முட்டுத் தாங்க மாட்டிய தகடு. அதிலிருந்து இழுத்தால் போல்ட்டுகளோடு பிய்த்துக்கொண்டு வரும். 'டோ பார்' என்று பட்டறையில் சொல்லும் இழுவைச் சட்டம், வண்டியின் நீளவாட்டில் ஓடும் இரண்டு சேஸிஸ் சட்டங்களிலும் போல்ட் போட்டுப் பூட்டப்பட வேண்டும். சட்டப் புத்தகத்தையும் சற்றுப் புரட்டினோம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அதே சட்டத்தின்படி, எஞ்சினே இல்லாத டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். நண்பர் அலுவலகப் படியேறி அந்த வேலைகளை முடிக்கச் சில வாரங்கள் ஆயின.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டு வாசலில், உடல் எடை பார்க்கும் தராசு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் உருண்டையின் உயரத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதில் அமர்த்தினோம். சுமையோடு டிரெய்லர் 400 கிலோ. தராசு காட்டியதோ 12. உரமூட்டைகளை அசைக்காமல், 40 கிலோ எடையுள்ள தண்ணீர் மோட்டாரை மட்டும் 70 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினோம். அச்சுக்கும் இணைப்புக்கும் இடையே 2 மீட்டர். 40 × 0.7 ÷ 2 என்று நான் சாக்கட்டியால் தரையில் எழுதிக்கொண்டிருக்கையில், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு முதியவர், அந்தக் காலத்தில் வண்டி ஓட்டியவர், டிரெய்லரின் மூக்கைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்து, "இப்போ சரியா இருக்கும் தம்பி" என்றார். தராசில் 26 காட்டியது.